இரவல் விரல்

கடை ஒன்று, பெயர்ப்பலகை இரண்டு. இடப்பக்கம் தையல், வலப்பக்கம் மருந்து. நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. தையல்காரர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இருக்கும் தங்கை கண்ணில் பட மாட்டாள். குரல் மட்டும் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும். வெட்டுமேசைக்கு எழுந்து நின்றாலோ எல்லாமே தெரியும். அதனால்தானோ என்னவோ, மருந்துக்கடையில் நாலு பேர் கூடினால் அவருக்கு உடனே துணி வெட்டுகிற வேலை வந்துவிடும்.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா இறந்த வருஷம் அது. அவருக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்கு இரண்டு. அன்று மிதிக்க ஆரம்பித்த கால் இருபத்தைந்து வருஷமாக ஓயவில்லை. பள்ளிக்கூடச் சீருடையாகத் தைத்துத் தைத்தே தங்கையை மருந்துப் படிப்புப் படிக்க வைத்தார். இரண்டு வருஷப் படிப்பு. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியபோது நூல் பிடித்துப் பார்த்து, அளவு நாடா வைத்துப் பார்த்து, மூன்று முறை ஆணியைப் பிடுங்கி அடித்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் தங்கையின் பெருமையை ஆரம்பிப்பார். கையை விரித்து நிற்கிறவன் எங்கே ஓடுவான்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அண்ணே, அவரு சட்டைக்கு அளவு குடுக்க வந்தவரு. மார்க் ஷீட் கேட்டு வந்தவர் இல்ல" என்பாள் காஜாக்காரி.

வாசல் வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைகளில் பொத்தான் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதே இடம். அவள் எடுக்கும் காஜா ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தையல்காரர் யார் வேலையையும் பிரித்துப் பார்க்காமல் விட மாட்டார். அவள் வேலையை மட்டும் பார்க்காமலே மடித்து வைப்பார். கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். தையல்காரர் அவளுக்கு அண்ணே, தங்கை அவளுக்கு டாக்டரம்மா. அவள் புருஷன் பின்தெருக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பிள்ளை குட்டி கிடையாது. ஒருவரை ஒருவர் கேலி பேசியே பொழுதை ஓட்டுகிற இரண்டு பேர் குடும்பம்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். பெயர்தான் வாய்க்கால், தண்ணீர் எங்கும் போகாது. மழை விட்டு மூன்றாவது வாரம் தெருவில் காய்ச்சல் தொடங்கும். அங்கே தலை சுட்டால் மலேரியா, கை கால் வலித்தால் மலேரியா, வேலைக்குப் போகப் பிடிக்காவிட்டாலும் மலேரியா. வருகிறவர்கள் "காய்ச்சல் மாத்திரை குடும்மா" என்று கேட்க மாட்டார்கள். "மலேரியா மாத்திரை மூணு குடு" என்பார்கள். மூன்று நாளைக்குச் சாப்பிட வேண்டியதை ஒரு நாளைக்கு வாங்கி, கொஞ்சம் தேறியதும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு முடிந்து வைப்பார்கள்.

தங்கை ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நிற்பாள். "எங்கண்ணன் அளவெடுக்காம துணியில கத்தரி வைக்க மாட்டாரு. நான் மட்டும் எதைப் பாத்து மருந்து குடுக்கிறது? முதல்ல ரத்தம் பாருங்க. மலேரியான்னா முழுசா மூணு நாளும் சாப்பிடுங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் இயந்திரம் ஒரு நொடி நிற்கும். பிறகு ஓடும்.

ரத்தம் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். யாரும் போகவில்லை. அவளும் சொல்வதை விடவில்லை.

அந்த வருஷ மழைக்கு முன்னால்தான் மலேரியாச் சோதனைத் திட்டம் ஒன்று வந்தது. சூப்பர்வைசர் ஒருவர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளைச் சோதனை அட்டைகள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், இந்தப் பக்கம் இரண்டு சொட்டு மருந்துத் தண்ணீர், பதினைந்து நிமிஷம். ஒற்றைக் கோடு வந்தால் மலேரியா இல்லை. இரண்டு கோடு வந்தால் மலேரியா.

"டெஸ்ட் இலவசம்" என்றார் சூப்பர்வைசர். "ரெண்டு கோடு வந்தா நீங்க ஒரு கூப்பன் கிழிச்சுக் குடுங்க. கூப்பன் இருந்தா மூணு நாள் மாத்திரையும் ஒரு டீ விலைதான். மிச்சத்தைத் திட்டம் பாத்துக்கும். ஒத்தைக் கோடுன்னா கூப்பன் கிடையாது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கடைக்குன்னு ஒரு தொகை வரும்."

"கூப்பன் இல்லாம, சும்மா டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொன்னா?" என்று கேட்டாள் தங்கை.

"சொல்லிப் பாத்துட்டோம்மா. யாரும் விரலை நீட்டல. ஏதாவது கிடைக்கும்னாத்தான் நீட்டுவாங்க."

தெருக்கோடியில் இருந்த இன்னொரு மருந்துக்கடைக்கும் அதே பெட்டி போயிற்று.

தங்கை சொந்தக் காசில் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினாள். பதினான்கில் பார்க்க மாட்டாள், பதினாறில் பார்க்க மாட்டாள். மணி அடித்ததும் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். ஊசியில் நூல் கோக்கும்போது தையல்காரர் பிடிக்கும் அதே பிடி. அது தன்னிடமிருந்து போனது என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை. சரி, இரண்டு மூன்று பேரிடம் சொன்னார்.

முதல் வாரம் நாலு பேர். கூப்பன் சேதி பரவியதும் வரிசை கட்டினார்கள்.

"ரத்தம் குடிக்கிற அட்டைன்னு வாய்க்கால்ல பாத்திருக்கேன். இப்ப பெட்டியில போட்டு விக்கிறாங்களா?" என்றாள் காஜாக்காரி. ஆனாலும் வரிசையை ஒழுங்கு பண்ணுவது அவள்தான். "ஏம்ப்பா, முன்னாடி வந்தவருக்குத்தான் முதல்ல குத்து. உனக்கென்ன அவசரம், விரல் வாடிப் போயிடுமா?"

ஒற்றைக் கோடு வந்தவர்களுக்குத்தான் முகம் தொங்கும். லாரி ஓட்டுகிற ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் பாரும்மா. இன்னொண்ணு மறைஞ்சு நிக்கப் போகுது."

"இல்லண்ணே. ஒண்ணுதான். உங்களுக்கு மலேரியா இல்ல, சந்தோஷப்படுங்க."

"மலேரியா இல்லைன்னா முழு விலைங்கிற. இதுல சந்தோஷம் எங்க வருது? என்கிட்ட பேனா இருக்கு, நீ கண்ணை மூடிக்க, இன்னொரு கோட்டை நானே போட்டுக்கிறேன்."

கடையே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். ஆனால் மாத்திரை கொடுக்கவில்லை. முதுகில் காது வைத்துக் கேட்டு, நெஞ்சில் சளி இருக்கிறதென்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவர் வந்து, போனதாகவும், அங்கே கொடுத்த மருந்தில் தேறிவிட்டதாகவும் சொன்னார். அன்று முழுக்கத் தையல்காரருக்கு ஒரு தையல்கூடக் கோணவில்லை.

பிறகு மூட்டைக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கோடு, பளிச்சென்று. கூப்பன், மாத்திரை, மூன்று நாள். காஜாக்காரி பக்கத்தில் உட்கார்ந்து வேளை தவறாமல் விழுங்க வைத்தாள். ஐந்தாம் நாள் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து உடம்பு வலி என்று மறுபடி வந்தார். காய்ச்சல் இல்லை. இருந்தாலும் குத்திப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் இரண்டு கோடு.

தங்கை குழம்பிப்போனாள். வெப்பமானியை வைத்துப் பார்த்தாள், சூடே இல்லை. பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்து, பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "உங்களுக்கு மலேரியா இல்லண்ணே. சரியாயிடுச்சு. கிருமி செத்துப் போச்சு, ஆனா அதோட மிச்சம் ரத்தத்துல ஒரு மாசம் வரைக்கும்கூட இருக்குமாம். அட்டைக்கு உசிரோட இருக்கிறதும் தெரியாது, செத்ததும் தெரியாது."

"கோடு இருக்கே தங்கச்சி?"

"இருக்கு. ஆனா நோய் இல்ல."

"நோய் இல்லாம கோடு எப்படி வரும்?"

மூன்று முறை சொன்னாள். மூட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. தங்கை இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள், ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லையே! வெட்டுமேசையிலிருந்து ஒரு துணியை எடுத்து, அடையாளம் வைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, தடுப்புக்கு மேலாகத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாரு. இது வெட்டுறதுக்குப் போட்ட கோடு. வெட்டியாச்சு, தைச்சாச்சு, சட்டையும் போட்டுட்டுப் போயாச்சு. கோடு போயிடுமா? ரெண்டு மூணு சலவை வரைக்கும் நிக்கும். உன் ரத்தத்துல இருக்கிறது அந்தக் கோடு. வேலை முடிஞ்சு போச்சு, அடையாளம் போகல. இன்னும் ஒரு மாசத்துக்கு உன் விரலை எப்பக் குத்தினாலும் ரெண்டு கோடுதான்."

"அட!" என்றார்கள் எல்லோரும். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு இன்னியிலேர்ந்து பேரு ரெட்டைக்கோடு" என்றாள் காஜாக்காரி.

தங்கை கூப்பன் தரவில்லை. உடம்பு வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினாள். பிறகு தடுப்பின் மேல் கையை ஊன்றி, "எனக்கே இப்படிச் சொல்ல வரலையேண்ணா" என்றாள். அந்த ஒரு பேச்சு போதாதா? அந்த வாரம் அளவு கொடுக்க வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. மார்பளவு எடுக்கும்போது அட்டை, கையளவு எடுக்கும்போது கிருமி, கழுத்தளவு எடுக்கும்போது சாக்பீஸ் கோடு. "இந்தத் தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும் இது? என் தங்கச்சி படிச்சவ, அதனால கண்டுபிடிச்சா."

எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். இவ்வளவு ஆர்வமாக அவர் பேச்சை யாரும் கேட்டதே இல்லை. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

பத்து நாளில் தங்கையின் கடை வரிசை மெலிந்தது. தெருக்கோடிக் கடையில் கூட்டம் வழிந்தது. ஒரு நாள் கிடங்கு ஆள் ஒருவர் இருமல் மருந்து வாங்க வந்தார். சட்டைப் பையில் மலேரியா மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது.

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள் தங்கை.

"நான் எங்கம்மா பண்ணினேன்? ரெட்டைக்கோடு வந்து விரலை நீட்டினாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். எனக்கு எத்தனை கோடு வரும்னு யாருக்குத் தெரியும்? அவருக்குன்னா நிச்சயம் ரெண்டு."

மூட்டைக்காரரை மட்டுமில்லை, சமீபத்தில் மலேரியா வந்து தேறிய எல்லோரையும் இப்போது தெரு தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடிக் கடைக்காரர் எதையும் கேட்பதில்லை. ஒரு விரலுக்கு ஒரு தொகை. யார் விரல் என்று படிவத்தில் கேள்வியும் இல்லை.

தங்கை மூட்டைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து விரல் நுனியிலும் குத்திய புள்ளிகள்.

"நானா திங்கிறேன்? ஆபத்துக்கு வர்றாங்க, விரலைக் குடுக்கிறேன். விரல் என்ன தேயவா போகுது?"

"அவங்களுக்கு இருக்கிறது மலேரியாதான்னு உங்களுக்குத் தெரியுமா? வேற நோயா இருந்தா?"

"இந்த ஊர்ல வேற என்ன வரும் தங்கச்சி?"

சாயங்காலம் தங்கை, "இது எப்படிண்ணா எல்லாருக்கும் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். தையல்காரர் வாயில் குண்டூசி கவ்வியிருந்தார். வாயில் குண்டூசி இருக்கும்போது பதில் சொல்ல முடியாது. அன்று கொஞ்ச நேரம் அதிகமாகவே கவ்விக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. அறுபத்திரண்டு சட்டை முடித்துத் தர வேண்டும். அப்போதுதான், ஒரு திங்கட்கிழமை, காஜாக்காரிக்குக் காய்ச்சல் கண்டது.

முக்காலியில் உட்கார்ந்தவள் ஊசியை வைத்துவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். "டாக்டரம்மா, என் ரத்தத்தையும் ருசி பாத்துச் சொல்லு."

பதினைந்து நிமிஷம். மணி அடித்தது. ஒற்றைக் கோடு.

"பாத்தியா, இதுலயும் என்னை அவரு ஜெயிச்சுட்டாரு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

தங்கை சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் மூச்சை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "எங்க வலிக்குதுக்கா?"

"இந்தா, வலது விலாவுல. மூச்சை இழுத்தா குத்துது."

"இது மலேரியா இல்ல. நுரையீரல்ல ஏதோ இருக்கு. மூச்சு ரொம்ப வேகமா ஓடுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னிக்கே. நான் சீட்டு எழுதித் தர்றேன்." எழுதிக் கொடுத்தாள். காய்ச்சல் தணிய நாலு மாத்திரையும் கொடுத்தாள். "இது சூட்டுக்குத்தான். நோய்க்கு இல்ல. சரியா?"

"சரி தாயே. போறேன். அவரு வந்ததும் கூட்டிட்டுப் போறேன்."

மூட்டைக்காரருக்கு மறுநாள் லாரி இறங்குகிற நாள். வராதவன் இடத்தில் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். புதன்கிழமை போகலாம் என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலை தங்கை கேட்டாள், "அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?"

"போயிருப்பா" என்றார் தையல்காரர். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். மத்தியானம் இருபது சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஓய்ந்த நேரத்தில் நாலு காஜா எடுக்கட்டுமே என்று, வாசலில் வைத்துவிட்டு வரத்தான் போனார். அவள் உள்ளேயே இருந்தாள். சுவரில் சாய்ந்து, போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"எதுக்குண்ணே? எங்க வீட்டுக்காரர் விரல் இருக்கிறப்ப?" தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். "நேத்திக்குக் கோடிக்கடையில போய் நீட்டிட்டு வந்தாரு. ஒரு டீ விலை. ரெண்டு நாளா சாப்பிடுறேன். இன்னிக்கு வேர்த்துச்சு. சூடு இறங்கிடுச்சு பாருங்க."

கையைத் தொட்டுப் பார்த்தார். சூடு குறைந்த மாதிரிதான் இருந்தது.

"தங்கச்சி வேற என்னமோன்னு சொல்லுச்சே."

"உங்க தங்கச்சி நல்ல படிப்பாளிதான். ஆனா நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க, அந்த அட்டைக்கு உசிரும் தெரியாது, சாவும் தெரியாதுன்னு? அவருக்கு நோய் இல்லாமலே கோடு காட்டுச்சு. எனக்கு நோய் இருந்தும் காட்டாம இருக்கலாம்ல?" பேசி முடிக்குமுன் மூச்சு வாங்கியது. "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. மனசு கஷ்டப்படும். நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு, இல்லைன்னா நானே போறேன். சட்டையை வெச்சுட்டுப் போங்க. சும்மா உக்காந்தா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்."

அவர் சட்டைகளை வைத்துவிட்டு வந்தார். தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால், எப்படித் தெருவுக்குத் தெரிந்தது என்ற அந்தக் கேள்வி மறுபடி வரும். அதுவும் ஒரு காரணம். அறுபத்திரண்டு சட்டையும் ஒரு காரணம். சூடு குறைந்திருந்ததும் ஒரு காரணம். மூன்றில் எது பெரியதென்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை அளந்து பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை மூட்டைக்காரர் எட்டுச் சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். தையல்காரர் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் வேலையைப் பிரித்துப் பார்த்தார். காஜாக்கள் சாய்ந்திருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டில் நூல் பிசிறு அறுக்காமல் நின்றது. அவள் கை அப்படிப் போகிற கையே இல்லை. அளவு நாடாவை வைத்துக்கூடப் பார்த்தார். பிரித்து மறுபடி எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் கணக்குப் போட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை இருந்தாள். அந்தச் சட்டையை எடுத்துத் தடுப்பின் மேல் போட்டிருந்தால் போதும். அவள் காஜாவைப் பார்த்திருக்க மாட்டாள், அதை எடுத்த கை தளர்ந்ததைப் பார்த்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்து அரைமணி நேரம் ஆகவில்லை. மூட்டைக்காரர் கிடங்கின் தள்ளுவண்டியில் அவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தங்கை பார்த்த பார்வையிலேயே கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தெருவில் போன வண்டியொன்றை மறித்து ஏற்றினாள். தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க வாசலில் நின்றார். அவரைப் பார்த்துக் காஜாக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எப்போதும் போல ஏதாவது கேலியாக இருந்திருக்கும். மூச்சு அதற்குப் போதவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இருந்தது. படுக்கை கிடைத்தபோது இல்லை.

தங்கை சாயங்காலம் திரும்பி வந்து வாசலில், காஜாக்காரியின் முக்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு மாத்திரை அட்டை. "என்ன மருந்து குடுத்தீங்கன்னு டாக்டர் கேட்டாரு. அக்கா வீட்டுக்காரர் இதை எடுத்து நீட்டினாரு." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். எல்லாக் குழியும் காலி. "ஒரு மாத்திரைகூட மிச்சம் வெக்கலண்ணா. மூணு நாளும் வேளை தவறாம சாப்பிட்டிருக்காங்க. நான் எல்லாருக்கும் சொல்லுவேனே, முழுசா சாப்பிடுங்கன்னு. முழுசா சாப்பிட்டது இந்த ஒரு வீடுதான்."

தையல்காரர் சொல்ல வாயைத் திறந்தார். வாயில் குண்டூசி இல்லை. கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கவ்விக்கொண்டார்.

சட்டைகள் தாமதமாயின. பள்ளிக்கூடக்காரர்கள் திட்டினார்கள். காஜாவை அவரே எடுத்தார்.

இரண்டு வாரத்தில் சூப்பர்வைசர் வந்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். "இந்தப் பகுதியில மாத்திரை வாங்கினவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வாங்கியிருக்காங்க. எங்கயும் இப்படி வரலை. உங்க கடையில கொஞ்சம் குறைச்சல், கோடிக்கடை ஈடு கட்டிடுச்சு. அடுத்த வருஷமும் தொடரப் போறோம்."

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். விரல், டீ, தள்ளுவண்டி, காலி அட்டை. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இடையில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். மேலே எழுதுகிறேன் என்றார். எழுதியும் இருப்பார். அடுத்த மாதம் புதுப் பெட்டி வந்தது. உள்ளே அதே அட்டை, அதே கூப்பன். ஒரு டெஸ்ட்டுக்கான தொகையை மட்டும் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள்.

அந்தப் பெட்டியில் முதல் அட்டை மூட்டைக்காரருக்குத்தான் செலவாயிற்று. ஒரு மத்தியானம் வந்து விரலை நீட்டினார். ஆள் பாதியாகியிருந்தார்.

"காய்ச்சலாண்ணே?"

"இல்ல. குத்திப் பாரு."

தங்கை எதற்கென்று கேட்கவில்லை. குத்தினாள். கடிகாரத்தைத் திருகி வைத்தாள். அவர் முக்காலியைப் பார்த்தார். அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம். மணி அடித்தது. தங்கை அட்டையைத் தூக்கிப் பார்த்து, அவரிடமே கொடுத்தாள்.

ஒற்றைக் கோடு.

"போயிடுச்சு" என்றார். "ஒரு மாசம் முன்னாடியே போயிருந்தா என்ன? அவளுக்காக நீட்டினப்ப கோடு வராம போயிருந்தா, வேற வழியில்லாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"உங்க தப்பு இல்லண்ணே. என் தப்பு." தங்கையின் குரல் தடுப்பைத் தாண்டித் தெளிவாக வந்தது. "கோடு ஒரு மாசம் நிக்கும்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாது. ரெண்டு கோடு வந்துச்சு, கூப்பன் இந்தா, போங்கன்னு விட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஊருக்கும் போயிருக்காது. பெரிய படிப்பாளி மாதிரி விளக்கம் சொன்னேன்ல, அதான்."

மூட்டைக்காரர் தலையைத் தூக்கித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்த்தார். தையல்காரர் வெட்டுமேசையில் நின்றிருந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. சாக்பீஸ் கோட்டை யார் தூக்கிக் காட்டினார்கள் என்பது மூட்டைக்காரருக்கு மறக்கவில்லை. எழுந்து, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தையல்காரருக்குத் தோன்றியது.

இப்போது சொல்லலாம். கடையில் வேறு யாரும் இல்லை. 'நீ சொன்னது ஒருத்தனுக்கும் புரியலம்மா, நான்தான் புரிய வெச்சேன். புதன்கிழமையே எனக்குத் தெரியும்' என்று இரண்டு வாக்கியம். அவர் தடுப்பருகே போனார். தங்கை தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் சுவரில், நூல் பிடித்து மாட்டிய சான்றிதழ் ஒரு இழைகூடக் கோணாமல் தொங்கியது. சொன்னால் அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தார். திரும்பி வந்து இயந்திரத்தில் உட்கார்ந்தார்.

அலாரக் கடிகாரம் இப்போதும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடிக்கிறது. தங்கை குத்துகிறாள், பார்க்கிறாள், இரண்டு என்றால் கூப்பன் கிழிக்கிறாள். யார் விரல் என்று கேட்பதில்லை. ஒற்றைக் கோடு வந்தவர் முழு விலைக்கு மாத்திரை கேட்டால், எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். அளவெடுக்காமல் கத்தரி வைக்காத அண்ணனைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் பேனாக்காரர் வந்தார், அதே லாரிக்காரர். பையனுக்குக் காய்ச்சல் என்று குத்திப் பார்த்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்த ரெண்டாவது கோடு மங்கலா இருக்கே தங்கச்சி. முன்னாடி நீ எல்லாம் விவரமா சொல்லுவியே. இதுக்கு என்ன அர்த்தம்?"

இந்தப் பக்கம் இயந்திரம் நின்றது. தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியாதுங்க" என்றாள் தங்கை.